ஹூட்டர் ஓயாமல் அடிக்கிறதா? ஆலை அலாரங்களுக்கு லிமிட், முன்னுரிமை போடும் முறை

பாலக்காடு மாவட்டத்தில் கஞ்சிக்கோடு, வாளையார், கொழிஞ்சாம்பாறை பக்கத்து ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவுக் கருவிகள்) ட்ரெய்னியாகச் சேருகிறவர்களுக்குச் சீக்கிரமே ஒரு வேலை தலையில் விழும். "அந்த ஹூட்டர் ஓயாம கத்துது, என்னன்னு பார்த்து சரி பண்ணுப்பா" என்பார் மேனேஜர். கேட்கும்போது அரை மணி நேர வேலை மாதிரி இருக்கும். ஆலையின் நிலையைத் திரையில் காட்டும் ஸ்கேடா மென்பொருளைத் திறந்தால் நூற்றுக்கணக்கான அலாரங்கள். எந்த லிமிட்டை, அதாவது அலாரம் அடிக்கத் தொடங்கும் அளவை, யார் போட்டார்கள் என்று கேட்டால் ஆளாளுக்குக் கையை விரிப்பார்கள். டேங்க் என்றால் ஹை 80 சதவீதம், லோ 20. பிரஷர் என்றாலும் அதே 80, 20. எல்லாமே சிவப்பு, எல்லாமே அவசரம்.

தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்தில் ஒரு பால் ஆலையில் இந்த வேலையை நான் தொடக்கத்திலிருந்து செய்தேன். சிஸ்டம் போட்டுக் கொடுத்த நிறுவனம் பாதிக் கோப்புகளை ஒப்படைக்கவே இல்லை. யாரைக் கேட்பது, எதில் தொடங்குவது என்று சொல்லவும் ஆளில்லை. அந்தத் திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பால் ஆலையிலிருந்து வரும். கெமிக்கல் ஆலையோ, வார்ப்பாலையோ, பிஎல்சியும் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஸ்கேடாவும் இருக்கும் எந்த இடத்துக்கும் முறை ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டர் ஏதாவது செய்தாக வேண்டும், அதைச் செய்ய அவருக்கு நேரமும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அது அலாரம். ஐஎஸ்ஏ 18.2, ஐஇசி 62682 என்ற இரண்டு தரநிலைகளும் கேட்பது இதைத்தான். லிமிட் என்ன, முன்னுரிமை என்ன என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்த நேரத்திலிருந்துதான் வரும்.

1. காகிதங்கள் கைக்கு வரும்வரை எதையும் தொடாதீர்கள்

தேவையானவை இவை:

- பி அண்ட் ஐடி வரைபடம் (குழாய்களும் கருவிகளும் எப்படி இணைகின்றன என்று காட்டுவது). டெண்டர் காலத்துப் பிரதி வேண்டாம், கட்டி முடித்த பிறகு திருத்திய பிரதி வேண்டும்.
- இன்ஸ்ட்ருமென்ட் இண்டெக்ஸ்: டேக் எண் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாளம்), ரேஞ்ச் (அது அளக்கும் வரம்பு), இருக்கும் இடம்.
- இன்டர்லாக் பட்டியல் அல்லது காஸ் அண்ட் எஃபெக்ட் சார்ட் (எது நடந்தால் எது தானாக நிற்கும் என்பது).
- கடைசியாக நடந்த கேலிபரேஷனின், அதாவது கருவிகளின் அளவைச் சரிபார்த்ததன், சான்றிதழ்கள். ஹசாப் (ஆபத்து ஆய்வு) நடந்திருந்தால் அதன் அறிக்கை.
- பாய்லர், அம்மோனியா கம்ப்ரசர் (குளிரூட்டுவதற்கு), பாஸ்ச்சுரைசர் (பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குவதற்கு) மேனுவல்கள்.
- பிஎல்சி புரோகிராம், ஸ்கேடா ப்ராஜெக்ட் இரண்டின் பேக்கப், பாஸ்வேர்டு, லைசென்ஸ் விவரம்.

இழுத்தடிப்பது கடைசி வரிதான். பல ஆலைகளில் ரன்டைம் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கும். ஆபரேட்டர் திரையில் லிமிட்டை மாற்றலாம்; அலாரத்தின் வகை, முன்னுரிமை, செய்தி வாசகம் எதையும் தொட முடியாது. அதற்கு டெவலப்மென்ட் லைசென்ஸ் வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்து, புரோகிராமை ஒப்படைப்பது பற்றி ஏதாவது ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரியைக் குறிப்பிட்டு மெயில் அனுப்புங்கள். போனில் கேட்டால் "அனுப்பிடறேன் சார்" என்பதோடு முடிந்துவிடும். பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, முதல் நாளே அந்த மெயிலைத் தட்டிவிடுங்கள்.

அப்புறம் ரேஞ்ச். டிரான்ஸ்மிட்டர் (அளந்து சிக்னல் அனுப்பும் கருவி) 0 முதல் 10 பார். பிஎல்சியில் ஸ்கேலிங் (சிக்னலை அளவாக மாற்றும் கணக்கு) 0 முதல் 16 பார் என்று இருக்கும். எப்போதோ டிரான்ஸ்மிட்டரை மாற்றியிருப்பார்கள், புரோகிராமை மாற்றியிருக்க மாட்டார்கள். சிக்னல் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை போகும்; லூப் கேலிபரேட்டரால் (சோதனை சிக்னல் கொடுக்கும் கருவி) அதன் நடுவான 12 மில்லிஆம்பியர் கொடுத்துப் பாருங்கள். திரையில் சரிபாதி, அதாவது 5 பார் வர வேண்டும். 8 வந்தால் அந்த டேக்கில் நீங்கள் எந்த லிமிட் போட்டாலும் தப்புதான். முக்கியமான டேக்குகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனையை முடித்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

2. ஒரு மாத அலாரம் லாகை எடுத்து எண்ணுங்கள்

ஸ்கேடாவின் அலாரம் ஹிஸ்டரியை சிஎஸ்வியாக எடுத்து, எக்செலில் பிவட் டேபிள் போட்டு, எந்த டேக் எத்தனை முறை அடித்தது என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலை. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு டேக்குகள்தான் மொத்த இரைச்சலில் பெரும்பகுதியைப் போட்டிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள். ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு அலாரம், அதாவது மணிக்கு 6 வரை என்றால் சமாளிக்கலாம். மணிக்கு 12 என்பது உச்சவரம்பு. 10 நிமிடத்தில் 10-க்கு மேல் வந்தால் அது அலாரம் வெள்ளம். ஒரே அலாரம் ஒரு நிமிடத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் வந்து போனால் அது சளசளப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் அணையாமல் நிற்பது பழைய அலாரம். இந்த ரகம் எந்த நாளிலும் ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

லாகை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஷிஃப்டில் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் லாகில் முதலிடத்தில் இருந்தது சிஐபி (குழாய்களையும் டேங்குகளையும் பிரிக்காமலே கழுவும் முறை) காஸ்டிக் டேங்க் லோ லெவல். ஏன் அப்படி என்று கேட்டதற்கு மூத்த ஆபரேட்டர், "அது எப்பவும் அடிச்சுட்டேதானுங்க இருக்கும், நாங்க திரும்பியே பார்க்கறதில்லீங்க" என்றார். கழுவும் நேரம் தவிர மற்ற நேரத்தில் அந்த டேங்க் காலியாகத்தான் இருக்கும். அது காலி என்று அறிவிக்க ஹூட்டர் எதற்கு?

முதல் பத்து டேக்கை மட்டும் சரிசெய்தாலே கன்ட்ரோல் ரூம் அமைதியாகிவிடும். அந்த அமைதியைக் காட்டித்தான் மற்ற வேலைக்கு நிர்வாகத்திடம் ஆள் கேட்க முடியும். அதனால் அதை முதலில் செய்யுங்கள்.

3. இரண்டு பக்கத்தில் விதிகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

பெரிய ஆலைகளில் அலாரம் பிலாசபி என்று நூறு பக்கத்தில் ஒரு ஆவணம் இருக்கும். சிறிய ஆலைக்கு இரண்டு பக்கம் போதும். எது அலாரம், எது வெறும் பதிவு. முன்னுரிமை எத்தனை, அவற்றின் நிறம், ஒலி என்ன. லிமிட்டை மாற்ற யாருக்கு அதிகாரம். அலாரத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க யார் அனுமதி தர வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு. இவ்வளவுதான். புரொடக்‌ஷன், மெயின்டனன்ஸ், சேஃப்டி மூவரின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். இது இல்லாமல் தொடங்கினால் ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

4. ஒவ்வொரு டேக்காக உட்கார்ந்து பேசுங்கள்

நேரம் அதிகம் பிடிப்பது இந்தப் படிதான். ஓர் அலாரத்துக்குச் சராசரியாக 10 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 400 அலாரம் என்றால் 4,000 நிமிடம், ஏறக்குறைய 67 மணி நேரம். ஒரு அமர்வுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் ஆளுக்கு ஆள் கொட்டாவி விடத் தொடங்குவார்கள். ஆக 22, 23 அமர்வுகள். இந்தக் கணக்கை முதலிலேயே மேனேஜரிடம் போட்டுக் காட்டுங்கள். "ஒரு வாரத்துல முடிச்சிடலாமே" என்பவரிடம் வாய்வார்த்தை எடுபடாது.

புரொடக்‌ஷனைத் தெரிந்த ஒருவர், மெயின்டனன்ஸ், எலெக்ட்ரிக்கல், நீங்கள், இவர்களோடு கட்டாயம் ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர். அவரும் நைட் ஷிஃப்ட் பார்த்துப் பழகியவராக இருக்கட்டும். பகலில் நடப்பதும் இரவில் நடப்பதும் வேறு வேறு. ஒவ்வொரு டேக்குக்கும் நான்கு கேள்வி:

- இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்?
- அடித்ததும் ஆபரேட்டர் என்ன செய்வார்?
- அதைச் செய்ய எத்தனை நிமிடம் இருக்கிறது?
- இதையே சொல்லும் வேறு அலாரம் இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு "பார்த்துக்குவார்", "கவனமா இருப்பார்" என்று பதில் வந்தால் அது அலாரமே இல்லை. வால்வை மூடுவது, பம்பை மாற்றுவது, பாய்லர்காரருக்குப் போன் செய்வது என்று கையால் செய்யும் ஏதாவது ஒரு காரியம் வர வேண்டும். வராதவற்றை ஒலியில்லாத பதிவாக மாற்றிவிடுங்கள். "இருந்துட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்" என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். அவரை ஒரு நைட் ஷிஃப்ட் கன்ட்ரோல் ரூமில் உட்கார வையுங்கள்.

பதில்களை எக்செலில் டேக் வாரியாக எழுதுங்கள்: காரணம், விளைவு, செய்ய வேண்டியது, இருக்கும் நேரம், லிமிட், டெட்பேண்ட், டிலே (இவை இரண்டும் 6-ஆம் படியில் வரும்), முன்னுரிமை. பிற்பாடு யார் கேட்டாலும் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கப்போகிற ஒரே ஆதாரம் இந்த ஷீட்தான்.

5. லிமிட்டை நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

20,000 லிட்டர் பால் சைலோ (உயரமான சேமிப்பு டேங்க்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் 4 மீட்டர், ஆக ஒரு மீட்டருக்கு 5,000 லிட்டர். டேங்கர் இறக்கும் பம்ப் மணிக்கு 15,000 லிட்டர் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 250 லிட்டர், அதாவது 5 சென்டிமீட்டர் ஏறும்.

மேலே வழியும் மட்டத்தை 3.8 மீட்டர் என்று வையுங்கள். அடியில் இருக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் எடையைத்தான் பார்க்கிறது, நுரை அதன் கண்ணில் படாது. வேகமாக இறக்கும்போது நுரை முன்னாடியே மேலே உள்ள வென்ட்டுக்கு (காற்றுத் துளைக்கு) வந்துவிடும். அதனால் முழு 4 மீட்டரையும் நம்ப வேண்டாம்.

இப்போது ஆபரேட்டருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அலாரத்தைக் கேட்டுத் திரையைப் பார்க்க 1 நிமிடம், டேங்கர் இறக்கும் இடத்தில் இருப்பவரைக் கூப்பிட 2, அவர் பம்பை நிறுத்தி வால்வை மாற்ற 2. இரவில் அவர் டீ குடிக்கப் போயிருந்தால் இன்னும் 3. மொத்தம் 8 நிமிடம், 40 சென்டிமீட்டர். அலாரம் டிலே, அதாவது லிமிட்டைத் தாண்டியும் அடிக்காமல் காத்திருக்கும் நேரம், ஒரு நிமிடம் என்றால் 5 சென்டிமீட்டர். டிரான்ஸ்மிட்டர் பிழைக்கு ஒரு 5. ஆக 50 சென்டிமீட்டர். 3.8-இல் 0.5 போக 3.3 மீட்டர். இதுதான் ஹை லிமிட்.

இதே சைலோவில் ஒரே நேரத்தில் இரண்டு டேங்கர் இறக்கினால்? நிமிடத்துக்கு 10 சென்டிமீட்டர். எட்டு நிமிடமும் டிலே ஒரு நிமிடமும் சேர்த்து 90, பிழைக்கு 5. லிமிட் 2.85 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. பழையபடி 80 சதவீதம், அதாவது 3.2 மீட்டர் என்று விட்டிருந்தால் அந்த மட்டத்திலிருந்து வழிய 6 நிமிடம்தான். ஆபரேட்டருக்கு வேண்டியது 9. எல்லா டேங்குக்கும் 80 என்று கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது என்பது இதனால்தான்.

ஆனால் 2.85 என்று போட்டாலும் சிக்கல் இருக்கிறது. தினமும் 3.2 வரை நிரப்புகிற சைலோவில் ஒவ்வொரு முறையும் அது அடிக்கும். நான்கு நாளில் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். கணக்கில் வரும் லிமிட் அன்றாட இயக்க எல்லைக்குள் விழுந்தால் அந்த இடத்துக்கு அலாரம் தீர்வு ஆகாது. 3.6-இல் பம்பைத் தானாக நிறுத்தும் இன்டர்லாக் போடுங்கள், அல்லது குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் இரண்டு டேங்கர் கூடாது என்று விதி செய்யுங்கள்.

பாஸ்ச்சுரைசர் இன்னொரு நல்ல பாடம். பால் 72 டிகிரியில் 15 விநாடி நிற்க வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் இடம் வைத்து நாங்கள் 78-இல் ஓட்டுகிறோம்; 75-க்குக் கீழே போனால் டைவர்ஷன் வால்வு பாலைத் திருப்பிவிடும். முன்பு 76.5-இல் ஒரு முன்னெச்சரிக்கை அலாரம் இருந்தது. ஸ்டீம் நின்றால் 76.5-இலிருந்து 75-க்கு வர அரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் ஆபரேட்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம், அவ்வளவுதான். அந்த அலாரத்தை எடுத்துவிட்டு ஸ்டீம் ஹெடர் (பாய்லரிலிருந்து நீராவி வரும் பிரதான குழாய்) பிரஷருக்கு ஒன்று போட்டோம். ஹெடர் வழக்கமாக 3 பாரில் நிற்கும், 2.2-க்கு வந்ததும் அடிக்கும். பாய்லர் அறைக்குப் போன் செய்யச் சில நிமிடம் கிடைக்கிறது. நேரம் போதவில்லை என்றால் எண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள். அதே கோளாறு இன்னும் முன்னால் எங்கே தலைகாட்டுகிறது என்று தேடுங்கள்.

பருவத்தையும் மறக்காதீர்கள். அம்மோனியா கண்டன்சரில் (குளிரூட்டும் அமைப்பில் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) 35 டிகிரிக்கு ஏறக்குறைய 12.5 பார், 40 டிகிரிக்கு 14.5 பார் கேஜ் பிரஷர் இருக்கும். ஜூலை மழையில், கணவாய்க் காற்று வீசும்போது உட்கார்ந்து "12-க்கு மேல் போனதே இல்லை" என்று 13-இல் ஹை போட்டால், மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40-ஐத் தொடும் நாளில் அது மத்தியானம் முழுக்க அடிக்கும். ஒரு வருட ட்ரெண்டை எடுத்துப் பார்த்துவிட்டு லிமிட் போடுங்கள். மேல் எல்லையை கம்ப்ரசரின் ஹை பிரஷர் கட்-அவுட்டிலிருந்து (அழுத்தம் கூடினால் அதைத் தானாக நிறுத்தும் அளவு) பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

கை வைக்கக் கூடாதவை. பாய்லரின் லோ லோ வாட்டர் ட்ரிப் (தண்ணீர் மிகக் குறைந்தால் பாய்லரை நிறுத்துவது), சேஃப்டி வால்வு, கம்ப்ரசர் கட்-அவுட், டைவர்ஷன் வால்வு செட்டிங் ஆகியவை அலாரம் லிமிட் கணக்கில் வராது. அவை பாதுகாப்பு. அவற்றுக்கு முன்னால் எச்சரிக்கும் அலாரத்தை மட்டும்தான் நீங்கள் போடுகிறீர்கள். கேரளத்தில் தொழிற்சாலைக்கும் பாய்லருக்கும் ஒரே துறைதான். ஆய்வுக்கு வருபவர் கேட்டால் காட்ட, ட்ரிப் செட்டிங் பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. டெட்பேண்ட், டிலே

லிமிட் சரியாக இருந்தும் சளசளப்பு நிற்காவிட்டால் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும். டெட்பேண்ட் என்பது அலாரம் அணைய மதிப்பு எவ்வளவு திரும்பி வர வேண்டும் என்பது. டிலே என்பது லிமிட்டைத் தாண்டி எத்தனை விநாடி நின்றால் அடிக்க வேண்டும் என்பது. தொடங்குவதற்கு வழக்கமான அளவுகள்:

- ஃப்ளோ: ரேஞ்சில் 5 சதவீதம், 15 விநாடி
- லெவல்: 5 சதவீதம், 60 விநாடி
- பிரஷர்: 2 சதவீதம், 15 விநாடி
- டெம்பரேச்சர்: 1 சதவீதம், 60 விநாடி

இவை தொடக்கம் மட்டுமே. பாஸ்ச்சுரைசர் மாதிரி விநாடிகளில் விஷயம் முடிந்துவிடும் இடத்தில் 60 விநாடி டிலே போட்டுவிடாதீர்கள். டெட்பேண்டைச் சில சாஃப்ட்வேர் சதவீதத்தில் கேட்கும், சில யூனிட்டில் கேட்கும். 0 முதல் 200 டிகிரி ரேஞ்சில் 1 சதவீதம் என்றால் 2 டிகிரி. பெட்டியில் 1 என்று தட்டும் முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்மிட்டரே பழுதானால் அதற்குத் தனி அலாரம் வேண்டும். 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே அல்லது 21-க்கு மேலே போனால் கருவிக் கோளாறு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இதைப் போடாவிட்டால், ஒயர் அறுந்த லெவல் டிரான்ஸ்மிட்டர் "டேங்க் காலி" என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

7. முன்னுரிமை: மூன்றுக்கு மேல் வேண்டாம்

இரண்டை மட்டும் பாருங்கள்: விளைவு எவ்வளவு மோசம், இருக்கும் நேரம் எவ்வளவு குறைவு. ஆளுக்கு ஆபத்து என்றால் நேரம் எவ்வளவு இருந்தாலும் முதல் நிலை. பெரிய நஷ்டம், 5 நிமிடத்துக்குள் செய்ய வேண்டும் என்றாலும் முதல் நிலை. பெரிய நஷ்டம் ஆனால் கால் மணி நேரம் இருக்கிறது என்றால் இரண்டாம் நிலை. மற்றவை மூன்றாம் நிலை. அரை மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருப்பதை, அது ஆளுக்கு ஆபத்தில்லாத விஷயமாக இருந்தால், ஷிஃப்ட் ரவுண்டில் பார்க்கும் பட்டியலுக்கு அனுப்பிவிடலாம்.

முடிவில் எண்ணிப் பாருங்கள். முதல் நிலை 5 சதவீதம், இரண்டாவது 15, மூன்றாவது 80 என்ற அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். முதல் நிலையில் 40 சதவீதம் நின்றால் யாரோ ஒவ்வொரு டேக்குக்கும் "இதுவும் முக்கியம்தானே" என்று சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவனில் இருந்த டெக்ஸாகோ சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய ஏறக்குறைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு வந்த அலாரம் 275. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. யாரைத் திரும்பிப் பார்ப்பது?

அம்மோனியா டிடெக்டர் சந்தேகமில்லாமல் முதல் நிலை. 25 பிபிஎம்மில் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) எச்சரிக்கை வையுங்கள். 300 பிபிஎம் உயிருக்கே ஆபத்தான அளவு. செய்தியில் "போய்ப் பார்க்கவும்" என்று எழுதிவிடாதீர்கள். ஆட்களை வெளியேற்ற வேண்டும், மாஸ்க் இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. இதைத்தான் எழுத வேண்டும்.

இங்கே ஒரு பொறி. முன்னுரிமை எண்ணை எல்லா சாஃப்ட்வேரும் ஒரே திசையில் எண்ணுவதில்லை. இன்டச் என்ற ஸ்கேடா மென்பொருளில் 1 என்பது மிக அவசரம், 999 கடைசி. ஓபிசி (மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது முறை) வழியாக வரும் அலாரத்தில் 1000 மிக அவசரம், 1 கடைசி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலை அப்படியே ஏற்றினால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

நிறத்தோடு ஒலியும் மாற வேண்டும். முதல் நிலைக்கு மட்டும் ஹூட்டர், மற்றவற்றுக்குக் கம்ப்யூட்டர் பீப் போதும். முதல் நிலை ஹூட்டரை பிஎல்சி அவுட்புட்டிலிருந்து நேரடியாக எடுங்கள்; ஸ்கேடா கம்ப்யூட்டர் ஹேங் ஆனாலும் அது அடிக்க வேண்டும். செய்தி வாசகம் "எல்டி-204 ஹெச்" என்று இருந்தால் யாருக்கும் பயனில்லை. "சைலோ 2 நிரம்புகிறது, இறக்கும் பம்பை நிறுத்து" என்று இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் ஒரே ஷிஃப்டில் தமிழ் பேசும் வேலந்தாவளத்துக்காரரும் இருப்பார், மலையாளம் பேசும் ஆலத்தூர்க்காரரும் இருப்பார். முதல் நிலை அலாரங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாளில் அடித்து, லேமினேட் செய்து பேனல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

8. கரண்ட் போகும் நேரத்துக்குத் தனி ஏற்பாடு

துலாம் (ஐப்பசி) மாத இடிமழை மத்தியானங்களில் கரண்ட் ஒரு கண் சிமிட்டினால் போதும். மோட்டார்கள் எல்லாம் விழும். ஒவ்வொன்றுக்கும் "ஓடவில்லை" அலாரம், அதன் பின்னால் லோ ஃப்ளோ, லோ பிரஷர். ஒரே காரணத்துக்கு அறுபது சத்தம்.

இன்கமர் சப்ளை, அதாவது ஆலைக்குள் வரும் கரண்ட், போனதும் அது ஒன்று மட்டும் முதல் நிலையில் அடிக்கட்டும். அந்த சிக்னல் இருக்கும்வரைக்கும், சப்ளை திரும்பி வந்து இரண்டு நிமிடம் வரைக்கும், மோட்டார் அலாரங்களையும் அவற்றைத் தொடர்ந்து வருபவற்றையும் பிஎல்சியில் அடக்கி வையுங்கள். அம்மோனியா டிடெக்டரையும் பாய்லர் தண்ணீர் மட்டத்தையும் எக்காரணம் கொண்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஸ்டாண்ட்பை பம்ப், காலியான சிஐபி டேங்க் போன்றவற்றுக்கும் இதே வழி: அந்த இயந்திரம் ஓட்டத்தில் இருக்கும்போது மட்டும் அலாரம் உயிரோடு இருக்கட்டும்.

9. ஏற்றுவதும் சோதிப்பதும்

மாற்றத்துக்கான படிவம், அதாவது எம்ஓசி, கையெழுத்தான பிறகுதான் ஏற்ற வேண்டும். பேக்கப்பை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கன்ட்ரோல் ரூமுக்கு வெளியே வையுங்கள். காலைப் பால் வரவும் மாலைப் பால் வரவும் இல்லாத மத்தியான நேரம் நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். ரிசப்ஷன் (பால் வந்து இறங்கும் பகுதி), பாஸ்ச்சுரைசர், ரெஃப்ரிஜரேஷன் என்று பகுதி பகுதியாக, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்து அடுத்ததற்குப் போங்கள். ஓணத்துக்கு முந்தைய மூன்று வாரம் எதையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் மீனாட்சிபுரம் செக்போஸ்ட் வழியாக வரும் டேங்கர் வரிசைக்கே பதில் சொல்ல முடியாமல் இருப்பார்கள். உங்கள் புது அலாரத்தைக் கேட்க அங்கே யாருக்கும் காது இருக்காது.

முதல் நிலை அலாரங்கள் ஒவ்வொன்றையும் கேலிபரேட்டரால் சிக்னல் கொடுத்துச் சோதியுங்கள். ஷிஃப்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, இன்டர்லாக் விழாதபடி ஏற்பாடு செய்துகொண்டு, சிக்னலை மெதுவாக ஏற்றுங்கள். சரியான மதிப்பில், சரியான டிலேயில் அடித்ததா? நிறம், ஒலி, வாசகம் சரியா? இறக்கும்போது டெட்பேண்டில் அணைந்ததா? முடிந்ததும், சோதனைக்காக பைபாஸ் செய்த இன்டர்லாக்கைத் திரும்பப் போட்டாயிற்றா என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திடுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் விடக்கூடாது.

10. செலவும் காலமும்

பெரிய செலவு சொந்த ஆட்களின் நேரம்தான். 22 அமர்வு, ஐந்து பேர், மூன்று மணி நேரம்: 330 மனித மணி. பில்லாக வராததால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் அமர்வுகள் நின்றுபோவது இதனால்தான்.

பில்லாக வருபவை: சர்வீஸ் இன்ஜினியரின் நாள் கட்டணம், பயணம், தங்கும் செலவு, இவற்றின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கோயம்புத்தூரிலிருந்து வருபவர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுவார். சென்னை, பெங்களூரிலிருந்து என்றால் தங்கும் செலவு சேரும். கொட்டேஷனில் ஒரு நாள் என்பது எத்தனை மணி நேரம், பயண நாளுக்கும் கட்டணம் உண்டா என்று எழுதி வாங்குங்கள். எக்செல் ஷீட் முழுதாக முடியும் முன் அவரை அழைக்காதீர்கள். பாதியில் அழைத்தால், நீங்கள் விவாதித்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கும் சேர்த்து மீட்டர் ஓடும். டெவலப்மென்ட் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தால் அது தனி. சர்வீஸ் இன்ஜினியரின் லேப்டாப் லைசென்ஸிலேயே வேலை முடியுமா என்று முதலில் கேளுங்கள். லூப் கேலிபரேட்டர் இல்லையென்றால் கேலிபரேஷன் செய்ய வருபவரின் தேதியோடு உங்கள் சோதனையைச் சேர்த்து வையுங்கள்.

காலம்: காகிதம் சேர்க்க மூன்று வாரம், லாக் எடுப்பது அதோடு சேர்ந்தே நடக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று அமர்வு என்றால் எட்டு முதல் பதினோரு வாரம். ஏற்றிச் சோதிக்க இரண்டு மூன்று வாரம். அப்புறம் ஒரு மாதம் கண்காணிப்பு. 400 அலாரம் இருக்கும் ஆலைக்கு நான்கைந்து மாதம் கேளுங்கள்.

11. ஏற்றிய பிறகு

மாதம் ஒருமுறை அதே பிவட் டேபிளைப் போட்டு முதல் பத்து டேக்கைப் பாருங்கள். ஒதுக்கி வைத்த அலாரங்களின் பட்டியல் ஷிஃப்ட் மாறும்போது லாக் புக்கில் ஏற வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு மேல் எதுவும் ஒதுங்கியிருக்கக் கூடாது. தேவைப்பட்டால் புதிதாக அனுமதி வாங்கட்டும். ஸ்கேடாவில் இருக்கும் லிமிட்டை எடுத்து உங்கள் ஷீட்டோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். சத்தம் தாங்காமல் யாராவது இரவில் 3.3-ஐ 3.7 ஆக்கியிருப்பார்கள். அப்படி மாறியிருந்தால் ஆளைத் தேடிச் சண்டை போடாமல், அந்த டேக்கை மறுபடி நான்கு கேள்விக்கு உட்படுத்துங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு நியாயமான காரணம் இருக்கும். எஞ்சினியரிங் பாஸ்வேர்டை மட்டும் இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே மாற்றிவிட்டு, புதியதை உறையில் போட்டு ஒட்டி பிளான்ட் ஹெட்டின் அலமாரியில் வையுங்கள்.